கனடாவுக்குப் புதுசா வந்திருக்கிறீங்களோ? முதல் வருச டாக்ஸ் கணக்கைப் பற்றிக் கொஞ்சம்

ரொறன்ரோவில ஸ்காபரோ பக்கம் புதுசா வந்து இறங்கின ஆக்களிட்ட டாக்ஸ் ஃபைல் பண்ணியாச்சோ எண்டு கேட்டா, "நான் இன்னும் வேலைக்கே போகேல்லையே, எனக்கென்ன டாக்ஸ்" எண்டுதான் கனபேர் சொல்லுவினம். இங்க கதை வேற. வருமானம் பூச்சியமா இருந்தாலும் ஃபைல் பண்ணுங்கோ, ஏனெண்டா பிள்ளையளுக்கு அரசாங்கம் மாசாமாசம் தாற பிள்ளைக்காசு, வருமானம் குறைஞ்சவைக்குத் தாற ஜிஎஸ்டி காசு, ஒன்ராரியோ மாகாணம் தாற ட்ரில்லியம் காசு எல்லாத்தையும் கனடா வரி இலாகாவான சி.ஆர்.ஏ.காரர் நீங்கள் ஃபைல் பண்ணுற ரிட்டர்ன் எண்ட டாக்ஸ் படிவத்தை வச்சுத்தான் கணக்குப் பாக்கிறவை. புருசன் மட்டும் ஃபைல் பண்ணி மனுசி பண்ணாம விட்டா ஜூலையில பிள்ளைக்காசு நிண்டுபோகும், பேந்து ஃபோனில மணிக்கணக்கா லைனில நிக்க வேண்டியதுதான். பி.ஆர். (நிரந்தர வதிவாளர்) ஆ வந்து இறங்கின ஆக்கள் பிள்ளைக்காசுக்கு ஏப்ரல் மட்டும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, வேலைக்கும் டாக்ஸுக்கும் தாற சின் நம்பர் எடுத்த கையோட, பிள்ளைக்காசு கேக்கிற ஆர்.சி.66 ஃபோர்மை நிரப்பி அனுப்பலாம்.

இங்க டாக்ஸ் வருசம் ஜனவரியில தொடங்கி டிசம்பரில முடியும், ஃபைல் பண்ணக் கடைசி நாள் ஏப்ரல் 30. கட்ட வேண்டிய காசு இருந்து பிந்திப் போட்டா அந்தக் காசில 5 வீதம் உடன தண்டம், அதுக்கு மேல மாசத்துக்கு 1 வீதம், வட்டி வேற.

நீங்கள் வந்து இறங்கின தேதியை எங்கயாவது எழுதி வையுங்கோ, அதில கன விசயம் தங்கியிருக்கு. அண்டைக்குப் பிறகு உலகத்தில எங்க உழைச்சாலும், ஊரில பாங்கில கிடக்கிற வைப்புக்கு வாற வட்டி, அங்க வாடகைக்கு விட்ட வீட்டுக் காசு உட்பட, இங்க காட்டோணும், அங்க கழிச்ச வரிக்கு இங்க கிரெடிட் கேக்கலாம். கொண்டு வந்த சேமிப்புக்கு டாக்ஸ் இல்லை, பயப்பிடாதேங்கோ. காணி விசயம்தான் ஆக்கள் யோசிக்கிறேல்லை. உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்தில 5 லட்சத்துக்கு வாங்கின காணி நீங்கள் இறங்கின நாளில 60 லட்சம் போகுது எண்டு வையுங்கோ. கனடா கணக்கில நீங்கள் அதை அண்டைக்கு 60 லட்சத்துக்கு வாங்கின மாதிரித்தான். பேந்து 80க்கு வித்தா லாபம் 20 லட்சம்தான், அதிலயும் பாதிக்குத்தான் டாக்ஸ். ஆனா அந்த 60ஐ எப்பிடி நிரூபிக்கிறது? அதுக்குத்தான் ஊரில ஒரு மதிப்பீட்டாளரிட்ட இப்பவே விலைக் கடிதம் எடுத்து வையுங்கோ எண்டு சொல்றது, பத்து வருசம் கழிச்சு அதைத் தேடிக்கொண்டு திரியேலாது. ஊர்ச் சொத்து, சொந்தப் பாவனைக்கு வச்சிருக்கிற வீட்டைத் தவிர்த்து, ஒரு லட்சம் டொலருக்கு மேல எண்டா ரெண்டாம் வருசத்தில இருந்து வெளிநாட்டுச் சொத்தைக் காட்டுற டி1135 எண்ட ஃபோர்மும் போடோணும். அதுக்கு டாக்ஸ் இல்லை, ஆனா போடாட்டி நாளுக்கு 25 டொலர் தண்டம், 2,500 மட்டும் போகும்.

காலமை ஃபக்டரி, பின்னேரம் ரெஸ்ரோரன்ட் எண்டு ரெண்டு வேலை செய்யிறனீங்களோ? சம்பளத்தில எவ்வளவு டாக்ஸ் கழிக்கிறதெண்டு பாக்கிற டி.டி.1 ஃபோர்ம் ரெண்டு இடத்திலயும் தருவாங்கள். டாக்ஸ் இல்லாத அடிப்படைத் தொகை, 2025இல 16,129 டொலர், அதை ஒரு இடத்தில மட்டும் போடோணும். மற்ற இடத்தில 'வேற வேலையும் இருக்கு' எண்ட பெட்டிக்குப் புள்ளடி போட்டு பூச்சியம் எழுதுங்கோ. ரெண்டிலயும் போட்டா செக்கில காசு கூட வரும், நல்லாத்தான் இருக்கும், ஏப்ரலில சி.ஆர்.ஏ.காரன் மொத்தமா கட்டச் சொல்லி நிப்பான்.

சில முதலாளிமார் வருசச் சம்பளக் கணக்குச் சீட்டான டி4 தராம "நீங்கள் பில் குடுங்கோ" எண்டுவினம். அப்ப நீங்கள் வேலையாள் இல்லை, சின்ன பிஸ்னஸ்காரர். ஓய்வூதியக் கழிவு சி.பி.பி.இல வேலையாள் பங்கு, முதலாளி பங்கு ரெண்டும், 11.9 வீதம், உங்கட தலையில, வேலை போனா அரசாங்கம் தாற ஈ.ஐ. எண்ட வேலையில்லாக் காசு கிடைக்காது. மணித்தியாலக் காசு ரெண்டு டொலர் கூட எண்டு சந்தோசப்பட முதல் இதைக் கணக்குப் பாருங்கோ. சுயதொழில்காரருக்கு ஃபைல் பண்ண ஜூன் 15 மட்டும் டைம் இருக்கு, ஆனா காசு கட்டுற நாள் ஏப்ரல் 30தான், இதில கனபேர் மாட்டுப்படுறவை. நாலு காலாண்டில வியாபாரம் 30,000 டொலரைத் தாண்டினா விற்பனை வரியான எச்.எஸ்.டி.க்குப் பதியோணும். ஊபரில ஆள் ஏத்தி ஓடுறவைக்கு அந்த 30,000 சலுகை இல்லை, முதல் ஓட்டத்தில இருந்தே பதியோணும், சாப்பாடு மட்டும் கொண்டு போறவைக்கு இந்த விதி இல்லை. ஆக்களிட்ட வாங்கின அந்த 13 வீத எச்.எஸ்.டி. உங்கட காசில்லை, வேற அக்கவுண்டில போட்டு வையுங்கோ. பெற்றோல், இன்சூரன்ஸ் கழிக்கிறதெண்டா கிலோமீற்றர் கொப்பி ஒண்டு காரிலயே கிடக்கட்டும், ரசீதுகள் ஆறு வருசம் இருக்கோணும்.

கொம்பனி பதியச் சொல்லி ஆராவது உசுப்பேத்துவினம், ஒன்ராரியோவில சின்ன கொம்பனிக்கு டாக்ஸ் வீதம் குறைவுதானே எண்டு. உழைக்கிறதெல்லாம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்துச் செலவழிக்கிற நிலைமையில அதில பெரிய பிரயோசனமில்லை, அக்கவுண்டன்ட் பில்தான் கூடும்.

சேமிக்கிறதெண்டா லாபத்துக்கு டாக்ஸ் இல்லாத டி.எஃப்.எஸ்.ஏ. கணக்கு நல்லது. ஆனா லட்சம் டொலர் மட்டும் போடலாம் எண்டு சொல்றது 2009இல இருந்து இங்க இருக்கிற பெரியாக்களுக்கு. 2025இல வந்தவைக்கு அந்த வருசத்து 7,000தான், டிசம்பரில வந்தாலும் முழு 7,000. கூடப் போட்டா மாசம் 1 வீதம் தண்டம். ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.க்குப் போன வருச உழைப்பில 18 வீதம் எண்ட கணக்கு இருக்கிறதால வந்த வருசம் ஒண்டும் போடேலாது, வீடு வாங்குற யோசனை இருந்தா முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு எஃப்.எச்.எஸ்.ஏ.இல வருசம் 8,000 போடலாம், நல்ல விசயம். அம்மா அப்பாவுக்கு ஊருக்கு அனுப்புற காசைக் கழிக்கேலாது.

வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மார்ச், ஏப்ரலில நூலகங்கள், சமூக நிலையங்களில இலவசமா ஃபைல் பண்ணித் தாறவை. காசு குடுத்துச் செய்யிறதெண்டா ரிட்டர்ன் கொப்பி ஒண்டு கேட்டு வாங்குங்கோ, ரீஃபண்ட் உங்கட அக்கவுண்டுக்கு வருதோ எண்டும் பாருங்கோ. "நன்கொடை ரசீது நான் போடுறன், கூட எடுத்துத் தாறன்" எண்டு சொன்னா எழும்பி வாங்கோ, கையெழுத்து உங்கட, சி.ஆர்.ஏ. கடிதமும் உங்கட அட்ரசுக்குத்தான் வரும்.