ஜவுளிக்கடைக்கு ஆர்எஃப்ஐடி: டேக்கை எங்கே கட்டுவது, எப்படி எண்ணுவது

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் ஸ்டாக் எடுப்பதே பெரும்பாடு. பார்கோடு என்றால் துணியை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்ட வேண்டும். ஆர்எஃப்ஐடி என்பது துணியில் கட்டிய சிறு டேக்கின் எண்ணை ரேடியோ அலையால் படிக்கும் முறை. அதன் ரீடரைக் கையில் பிடித்து ரேக் ஓரமாக மெதுவாக நடந்தால், மடிப்புக்குள் இருக்கும் டேக்கும் பதில் சொல்லும். நேரம் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: குடோனில் கிடக்கும் 40 சைஸ் சட்டையை 'இல்லை' என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள்.

பேட்டரி இல்லாத யுஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) டேக் போதும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865–868 மெகாஹெர்ட்ஸ். 902–928 என்று போட்ட ரீடர் அமெரிக்காவுக்கானது. விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். முதலில் சட்டைப் பிரிவில் மட்டும் தொடங்குங்கள். கை ரீடர் ஒன்று, டேக்கில் எண் எழுதும் பிரிண்டர் ஒன்று.

பலரும் சறுக்குவது எண் கொடுப்பதில். ஒரே ரகம், ஒரே சைஸில் 20 சட்டை இருந்தால் பார்கோடு ஒன்றேதான். டேக்கிலும் அதே எண்ணை எழுதினால் ரீடர் 20 சட்டையையும் ஒன்றாகவே எண்ணும். ரக எண்ணோடு ஒவ்வொரு உருப்படிக்கும் தனி வரிசை எண் கட்டாயம்.

பட்டுப்புடவைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜரிகை உலோகம், டேக் அதன்மேல் படிந்தால் அலை திரும்பிவிடும், ஆன்டெனாவின் சுருதியும் மாறிவிடும். முந்தியிலும் கரையிலும் ஒட்டாதீர்கள். ஜரிகை இல்லாத உடல் பக்கத்து மடிப்பில், விலை அட்டையோடு சேர்த்து நூலில் தொங்க விடுங்கள். அட்டை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். புட்டா நெருக்கமான புடவையைத் தனியாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டே அடுக்குங்கள்.

இரும்பு ரேக்கின் தகட்டை ஒட்டி நிற்கும் டேக்கும் படாது. டேக் இருக்கும் மடிப்பை ரேக்கின் முன்பக்கம் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்டாக் எடுக்க ரீடரின் சக்தி 30 டிபிஎம் (ரேடியோ சக்தியின் அலகு) வரை இருக்கலாம். பில் கவுண்டரில் அதை நன்றாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து ரேக்கில் இருக்கும் துணியும் பில்லில் ஏறும். மேஜையில் ஒரு துணி, இரண்டடி தள்ளி ஒரு துணி வைத்து, மேஜையில் இருப்பது மட்டும் படும்வரை குறையுங்கள்.

மாற்ற வந்த துணியை ரேக்கில் வைக்கும் முன் அதன் எண்ணைத் திரும்ப ஸ்டாக்கில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை ஒரு ரேக்கைக் கையாலும் எண்ணி ஒப்பிடுங்கள். குறைந்தால் முதலில் டிரையல் ரூமில் தேடுங்கள். அறுந்த அட்டைகள் அங்கேதான் கிடக்கும்.