கை நிறைஞ்சா கார்டு வராது

விம்கோ நகரில் மெட்ரோ ஏறியதும் போனில் ‘ஸ்லே தி ஸ்பயர்’ கார்டு கேமைத் திறக்கிறவங்களுக்கு: கையில் 10 கார்டுதான் நிற்கும். அதுக்கு மேல் கட்டிலிருந்து இழுத்தால் எதுவும் வராது, அதுக்குச் செலவழிச்ச எனர்ஜிதான் (கார்டு போட ஆகும் புள்ளி) வீண்.

அதுக்காக ‘ஸ்ட்ரைக்’ எனும் சாதாரணத் தாக்குதல் கார்டுகளை முதலில் அடிச்சுத் தீர்த்துடாதீங்க. டர்னுக்கு 3 எனர்ஜிதான். அது தீர்ந்தபின் கடைசியில் இழுத்தால் நல்ல கார்டு வந்தும் போட முடியாது. இடம் பண்ண 0 எனர்ஜி கார்டுகளைப் போட்டுடுங்க, பிறகு இழுங்க.

அயர்ன்கிளாடு எனும் வீரனை எடுத்து ஆடினால் கார்டு போடும் வரிசை முக்கியம். ‘பேட்டில் டிரான்ஸ்’ கார்டு எனர்ஜி இல்லாம சும்மாவே 3 கார்டு தரும், ஆனா போட்டபின் அந்த டர்னில் வேறெதையும் இழுக்க விடாது. எனவே எதிரிக்கு 9 டேமேஜ் கொடுத்து 1 கார்டு இழுக்கும் ‘பாமல் ஸ்ட்ரைக்’ முன்னாடி, டிரான்ஸ் பின்னாடி. பலர் சொதப்புவது இங்கேதான்.

கேமில் வரும் கடைக்காரரிடம் முதல் ஸ்ட்ரைக்கைக் கட்டிலிருந்து நீக்க 75 கோல்டு (கேம் காசு). தாராளமா கொடுங்க.