புது டிரெய்லரா? முதலில் கூரையைப் பாருங்கள்

அமெரிக்காவில் விற்கும் ஆர்.வி.க்களில் (காரில் இழுத்துச் செல்லும் டிரெய்லர் போல, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில்) பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. தண்ணீர் புகாமல் இணைப்புகளை அடைக்கும் பசையான சீலன்ட் பூசுவது அங்கே கைவேலை. அதனால் ஒரே மாடலில் ஒரு வண்டி கச்சிதமாக இருக்கும், அடுத்ததில் இடைவெளி விட்டிருக்கும். பல வண்டிகளில் சுவருக்குள் இருப்பது மரச் சட்டமும் மெல்லிய ப்ளைவுட்டும்தான். கசிவு வெளியே தெரிவதற்குள் உள்ளே உளுத்துப்போகும். எங்கள் டிரெய்லர் புதிதாக வந்தபோதே ஸ்கைலைட் என்ற கூரை ஜன்னலின் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தலைகள் மூடாமல் கிடந்தன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டீலர் இடத்திலேயே தண்ணீரும் மின்சாரமும் இணைத்து எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். சிங்க் அடியில் குழாய் இணைப்புகளை உலர்ந்த டிஷ்யூவால் துடைத்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், தப்பே இல்லை.

அப்புறம் கூரை. ஆள் ஏறலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் ஏணியில் நின்றே பார்க்கலாம். வென்ட், ஏசி, ஆன்டெனா, கூரையும் சுவரும் சேரும் முன்பின் விளிம்புகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசித் துளையோ வெடிப்போ தெரிந்தால் நீல மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்கும்போது உதவும்.

நீங்களே பூசுவதாக இருந்தால், மழையோ பனி ஈரமோ இல்லாத நாளாகப் பார்த்து, அழுக்கு நீக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோலியக் கரைப்பான் படவே கூடாது, ரப்பர் உப்பிவிடும். படுக்கையான இடத்துக்குத் தானே பரவி மட்டமாகும் சீலன்ட், சுவருக்கு வழியாத வகை. டைகோர் என்ற நிறுவனம் இரண்டையும் விற்கிறது. உங்கள் கூரைக்கு ஒத்துப்போகுமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கூரையில் சிலிகான் வேண்டவே வேண்டாம். பிடி விட்டுப்போகும், அது இருந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒழுங்காக ஒட்டாது.

ஜன்னலுக்கு மேல்பக்கமும் இரு பக்கவாட்டிலும் பூசினால் போதும். கீழே உள்ள வடிகால் துளைகளை அடைத்தால் சட்டத்தில் தேங்கும் தண்ணீர் சுவருக்குள் போகும்.

சீலன்ட் நன்றாகக் காய்ந்ததும் ஹோஸால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்று பிரித்தறிய முடியாது. பிரஷர் வாஷர் வேண்டாம், சீலன்டையே பிய்த்துவிடும்.

வண்டிக்கு அடியில் குழாயும் வயரும் நுழையும் ஓட்டைகளில் செம்பு வலை திணித்து ஃபோம் அடித்தால் எலி வராது. கூரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், நீண்ட பயணத்துக்குப் பிறகும் பாருங்கள்.