விஸ்காம் விண்ணப்பத்துக்குத் தோவாளையே போதும்

போட்டி அதிகமுள்ள கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் படிக்க விண்ணப்பிக்கிறீர்களா? 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டால் 'சிறுவயது முதலே ஊடகத்தில் ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். பாதிப்பேர் அதைத்தான் எழுதுவார்கள். என் அக்கா மகளும் எழுதியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, விடியுமுன் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை பூச்சந்தைக்குப் போகச் சொன்னேன். முகூர்த்த நாளில் பிச்சிப்பூ விலை ஏறுவதை ஒரு வியாபாரியிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதினாள். கூடவே செல்போனில் எடுத்த 5 படங்கள். நேர்காணலில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். சூரிய உதயப் படம் வேண்டாம், கன்னியாகுமரிக்கு வரும் எல்லோரும் எடுப்பதுதானே!

அப்புறம் சான்றிதழ். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு வழி போகிறவர்கள், நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். மத்திய அரசு வடிவிலான ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் தனி. இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நாளில் அலைந்தால் கிடைக்காது. வெளியூரில் இடம் கிடைக்காவிட்டாலும் சரி, பக்கத்திலேயே திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. முதுகலைக்கு அதையும் பட்டியலில் வையுங்கள்.