துன்பியல் நாயகனை எழுதுவது எப்படி?

என் முதல் சோக நாடகத்தில் நாயகன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அவ்வளவுதான். வெறும் விபத்து துன்பியல் ஆகாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். முழு உத்தமனும் வேண்டாம், முழு அயோக்கியனும் வேண்டாம். இடைப்பட்டவன், ஒரு பிழையால் விழுகிறவன் என்கிறார் அரிஸ்டாட்டில். அந்தப் பிழை அவனுடைய நல்ல குணத்திலிருந்தே முளைத்தால் இன்னும் வலிக்கும். பழைய கிரேக்க நாடகத்தில் வரும் அரசன் ஈடிபஸைப் பாருங்கள். கொள்ளைநோயிலிருந்து தீப்ஸ் நகரைக் காப்பாற்றத்தான் பழைய அரசனைக் கொன்றவனைத் தேடுகிறான். விட்டுவிடு என்று மனைவியே கெஞ்சியும் கேட்பதில்லை. கடைசியில் பிடிபடுவது அவனேதான்.

அடுத்தது, அவன் உண்மையை உணரும் கணம். இதில் அவசரப்படாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருப்பதோ முத்து. தீர்ப்புச் சொன்னவனே அந்த நொடியில் குற்றவாளி ஆகிறான். பாண்டியன் சாக்குச் சொல்லவில்லை. தானே கள்வன் என்கிறான், அங்கேயே உயிர் போகிறது.

சரி, சாவு கட்டாயமா? இல்லை. ஈடிபஸ் தன் கண்களைக் குருடாக்கிக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறான்.

என் நாடகத்தில் லாரியை வெட்டிவிட்டேன். இப்போது அங்கே, தம்பி மனம் நோகக்கூடாதென்று நாயகன் ஒளித்துவைத்த ஒரு கடிதம் இருக்கிறது.