சரிவு நிலத்தில் வீடு: பிளான் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

போன வாரம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம், கைக்குழந்தை. அப்பா, அம்மா, ஆயா (பாட்டி) எல்லாரும் ஒன்றாக இருக்க வீடு வேண்டும். தாளை மேசையில் விரித்தார். நடுவில் ஹால், நான்கு மூலையில் நான்கு அறை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. “நிலம் எப்படி?” என்று கேட்டேன். “ரோட்டிலிருந்து கீழே இறங்குது அங்கிள். பரவாயில்லை, பில்டர் சமப்படுத்தித் தரேன்னு சொல்லிட்டார்” என்றார். 20 வருடத்துக்கு முன்னால் நானும் என் அக்காவிடம் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜன்னல் போதவில்லை, பிளக் பாயின்ட் மறந்துபோனது போன்றவை எந்த வீட்டிலும் வரும். அவற்றை விட்டுவிடுகிறேன். சரிவுக்கென்றே உள்ளவை மட்டும் இங்கே.

சமநிலத்துப் பிளானைச் சரிவில் உட்கார வைப்பது

டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் இடங்களைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ், ரிசர்வாயர் ஹில்ஸ் எல்லாமே மேடும் பள்ளமும்தான். ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் நிலம் இங்கே சாதாரணம். அதில் சரிவின் போக்கில் 12 மீட்டர் நீளும் வீட்டை வைத்தால், மேல் சுவருக்கும் கீழ்ச் சுவருக்கும் 2.4 மீட்டர் வித்தியாசம் வரும். கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம் அது. பிளானில் இது தெரியவே தெரியாது, தாள் தட்டையாக இருப்பதால்.

பில்டர் என்ன செய்வார்? மேல்பக்கம் 1.2 மீட்டர் வெட்டுவார், அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் 1.2 மீட்டர் கொட்டுவார். மெஷின் வந்து ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். மலிவாகத் தெரியும். ஆனால் வீட்டின் ஒரு பாதி காலங்காலமாக இறுகிக் கிடந்த மண்ணில் நிற்கிறது, மறுபாதி போன மாதம் கொட்டிய மண்ணில். கொட்டும் மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்கி, பிறகே மறு அடுக்கு போட வேண்டும். அவ்வளவு பொறுமையாகச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்கு நான்தான் பிளான் வரைந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் பாஸேஜ் தரையில் ஒரு டைல் விரிந்தது. அங்கிருந்து கதவு நிலையின் மூலைக்கு ஏறி, சாய்வாக சீலிங் வரை ஒரு கோடு போனது. முதலில் தாள்கூட நுழையாது. அடுத்த மார்ச்சில் ஐந்து ராண்ட் காசு நுழைந்தது. டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். வெட்டு முடிந்து கொட்டிய மண் தொடங்கும் அதே இடம்.

அதைவிட மோசமான ஒன்றையும் நான் செய்திருந்தேன். சமையலறை, குளியலறை இரண்டையும் கொட்டிய மண் பக்கமே வைத்திருந்தேன். தரை இறங்க இறங்க அடியில் போன குழாய் விட்டுப்போனது. தண்ணீர் கசிந்து மண்ணை நனைக்க, மண் இன்னும் இறங்கியது. தாங்கு சுவர் கட்டி, அடித்தளத்துக்குக் கீழே பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். அந்தப் பணத்தில் கீழே ஒரு முழுத்தளமே கட்டியிருக்கலாம். அக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் “சமப்படுத்தித் தரேன்” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

டர்பன் கரையோரக் குன்றுகளில் ‘பெரியா சிவப்பு மணல்’ (Berea Red Sand) என்ற மண்வகை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெட்டிவிட்டால் சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர் இறங்கினால் இளகிவிடும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையையும், அதில் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போனதையும் நாம் யாரும் மறக்கவில்லை. அதற்கு அடுத்த வாரங்களில் நான் போய்ப் பார்த்த வீடுகளில், முதலில் சரிந்திருந்தது பெரும்பாலும் கொட்டிய மண்தான்.

வேறு என்ன செய்யலாம்? வீட்டின் நீளப்பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள். சரிவின் போக்கில் 7 மீட்டர் மட்டும் என்றால் வித்தியாசம் 1.4 மீட்டராகக் குறையும். வீட்டை இரண்டு மட்டமாகப் பிரித்தால் நடுவில் 0.7 மீட்டர், 175 மில்லிமீட்டர் உயரத்தில் நான்கே படி. இங்குள்ள கட்டட விதி படி உயரம் 200 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் மிதியின் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. நான்கு படிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ஹாலும் சமையலறையும் ஒரு மட்டம், படுக்கையறைகள் மறு மட்டம். நிலம் ரொம்பச் சரிவு என்றால் மண்ணைக் கொட்டும் இடத்தில் மண்ணைக் கொட்டாதீர்கள், அதையே ஓர் அறையாக்குங்கள்.

மண்ணை ஒட்டிப் படுக்கையறை

வெட்டிய பக்கத்துச் சுவருக்கு வெளியே ஈரமண் இருக்கிறது. அங்கே அலமாரி வைத்த ஒரு வீட்டில், தீபாவளிக்கு எடுத்த பட்டுப்புடவையின் மடிப்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சணம். நீர் புகாப் பூச்சும், சுவருக்குப் பின்னால் கல் நிரப்பி வடிகுழாயும் கட்டாயம் வேண்டும். அப்படியும் அந்தப் பக்கம் ஸ்டோர், கராஜ், பாஸேஜ் வைப்பதே நல்லது.

கழிவுநீர்

தண்ணீர் மேலே ஏறாது. முதலில் மேன்ஹோலின் மட்டத்தை அளங்கள், பிறகு அதைவிட உயரமான மட்டத்தில் குளியலறையைப் போடுங்கள்.

ஆயாவுக்குக் கீழ்த்தளம்

“கீழே அமைதியா இருக்கும்” என்பார்கள். ஆயா காலையில் தேநீருக்கு 14 படி ஏற வேண்டும், விளக்கேற்ற 14 படி ஏற வேண்டும். ஒரு வருடத்தில் ஏறுவதை விட்டுவிடுவார், சாப்பாடு கீழே போகும், பேச்சுத்துணை போகாது. கார் நிற்கும் மட்டத்தில் சமையலறை, ஒரு குளியலறை, ஒரு படுக்கையறை, மூன்றும் இருக்கட்டும்.

பிறகு சாய்தளம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கு 1க்கு 12 சாய்வு வேண்டும். 1.4 மீட்டர் ஏற 16.8 மீட்டர் நீளம். எந்த யார்டில் அதற்கு இடம்?

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒருநாள் அந்த அறையிலிருந்தோ ஹாலிலிருந்தோ சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். திரும்ப முடியாத குறுகிய படிக்கட்டில், ஆறு பேர் பெட்டியைச் செங்குத்தாகச் சாய்த்ததை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மகள்கள் மேலே நின்று கதறினார்கள். படிக்கட்டின் திருப்பத்தை அகலமாக வையுங்கள்.

பந்தலுக்கு இடமில்லாத யார்டு

கல்யாணமோ பதினாறாம் நாளோ, நம் வீடுகளில் யார்டில் டென்ட் போடாமல் எது நடக்கிறது? பெரிய அண்டா வைத்துச் சமைக்கவும் சமதரை வேண்டும். வீட்டை நிலத்தின் நடுவில் வைத்தால் முன்னும் பின்னும் சரிவுதான் மிஞ்சும். வீட்டை ரோட்டுப் பக்கம் தள்ளி, 6க்கு 9 மீட்டராவது ஒரே மட்டத்தில், சமையலறைக் கதவுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைச் சமப்படுத்துவதென்றால் இங்கே செய்யுங்கள். டென்டுக்கு அடியில் தரை இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

வடக்கைத் தெற்காக நினைப்பது

தமிழ்நாட்டுக்காக வரைந்த பிளானில் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். இங்கே வடக்கிலிருந்து. டர்பனில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். பள்ளம் தெற்கே பார்த்தால், காட்சிக்காக ஹாலை அந்தப் பக்கம் திறந்துவிட்டுக் குளிர்காலம் முழுக்க ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கூரையை ஒருபக்கம் உயர்த்தி வடக்கே ஜன்னல் வையுங்கள். விளக்கு மாடம் கிழக்கே பார்ப்பதில் எந்த மாற்றமும் வேண்டாம். சூரியன் இங்கேயும் கிழக்கில்தான் உதிக்கிறது.

கைப்பிடி

பால்கனிக் கைப்பிடி ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. இடைவெளியில் 100 மில்லிமீட்டர் பந்து நுழையக்கூடாது. வீட்டில் குழந்தை இருக்கிறது.

அந்தத் தம்பியிடம் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை நிலத்துக்குப் போகிறோம். எட்டு முளைக்குச்சி, ஒரு உருண்டை நூல், தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஆயாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.