முற்றத்து அடீனியத்துக்கு உரம் வைக்கும் முறை

ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளரும் செடி அடீனியம். அதனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வெயில் அதற்கு உறைப்பதே இல்லை. மே மாதத்தில் மற்ற தொட்டிகள் வாடித் தொங்கும்போதும் இது மொட்டு வைக்கும். இருந்தும் பல வீடுகளில் இலை மட்டும் தளதளவென்று நிற்கிறது, பூவைக் காணோம். உரம் வாங்க ஓடுவதற்கு முன் செடி இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

அடீனியம் நன்றாகப் பூக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். செட்டிநாட்டு வீட்டு வளவின் நடு முற்றம் திறந்த வெளிதான் என்றாலும் எல்லா மூலைக்கும் வெயில் ஒரே மாதிரி விழாது. மே முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து இறங்குவதால் முற்றத்தின் தென்பக்கம் காயும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வடபக்கத்துக்கு வெயில் வரும். பருவத்துக்கு ஏற்பத் தொட்டியை மாற்றி வையுங்கள். சுற்றுத் தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் நிழலில் நிற்கும் செடிக்கு எந்த உரம் போட்டாலும் கொம்பு நீளுமே தவிரப் பூ வராது.

அடுத்தது மண். வடிகால் சரியில்லாத மண்ணில் உரம் வைத்தால் வேர் அழுகும், அவ்வளவுதான். பருமணலோ செங்கல் பொடியோ இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். 8 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, எலும்புத் தூள் ஒரு மேசைக்கரண்டி போதும். உடைந்த நாட்டு ஓடு கிடந்தால் தட்டி, தூசியைச் சலித்துவிட்டுச் செங்கல் பொடிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். மாற்றி நட்ட செடிக்கு மூன்று நான்கு வாரம் எந்த உரமும் வேண்டாம். அறுபட்ட வேர் ஆறுவதற்குள் உரத்தின் உப்பு பட்டால் கருகிவிடும்.

உரக் கணக்கு தை கடைசியில் தொடங்குகிறது. மழை ஓய்ந்து பனியும் குறைந்த பிறகு, பிப்ரவரி வாக்கில் கொம்புகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். பூ புதுக் கொம்பின் நுனியில்தான் வரும் என்பதால் வெட்டு விழுந்த இடமெல்லாம் பிறகு பூக்கும் இடமாகும். துளிர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் முதல் உரம். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் சமமாக உள்ள 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், அதாவது 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தலைதட்டி. 8 அங்குலத் தொட்டிக்கு இதில் அரை லிட்டர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பாக்கெட்டில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் வயலுக்கான அளவு. தொட்டிக்கு அது வேண்டாம்.

காய்ந்த மண்ணில் உரத் தண்ணீரை ஊற்றவே கூடாது. முதல் நாள் சாயங்காலம் வெறும் தண்ணீர் விட்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் உரம் கொடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அளவைப் பாதியாக்கிவிடுங்கள். மொட்டை மாடித் தொட்டிகளுக்கு இது கட்டாயம், ஏனென்றால் சூடேறிய மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வற்றி உப்பு வேரருகே செறிந்துவிடும்.

கொம்பு நன்றாகத் திரண்டு, நுனியில் மிளகு அளவு மொட்டுக் கொத்து தெரிந்ததும் சாம்பல்சத்து மிகுந்த 13:0:45 உரத்துக்கு மாறுங்கள். அதே 1 கிராம், அதே இடைவெளி. மணிச்சத்து மிகுந்த 0:52:34 போட்டால் உடனே பூக்கும் என்று சொல்வதை நம்பி வாராவாரம் ஊற்றுபவர்கள் உண்டு. மணிச்சத்து மண்ணில் தேங்கினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும். பருவத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் அது தேவையில்லை.

ரசாயன உரம் பிடிக்காதவர்கள் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மாதம் இருமுறை விடலாம். கடலைப் புண்ணாக்கு ஊறல் நல்ல உரம்தான். ஆனால் அதில் தழைச்சத்து அதிகம், வாடையும் ஈயும் வீட்டுக்குள் வந்துவிடும். அதைத் தோட்டத்துச் செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தழைச்சத்து மிஞ்சினால் செடியே காட்டிக்கொடுக்கும்: கொம்பு நெடுநெடுவென்று மெலிந்து ஓடும், இலை பெரிதாகித் தொய்யும், கொழுந்தில் மாவுப்பூச்சியும் அசுவினியும் அடையும். உரத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்து இலை நுனி பழுப்பாகக் கருகினால், உரமும் போர் தண்ணீரும் சேர்ந்து உப்பு ஏறியிருக்கிறது. மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் இதற்கு அருமையானது.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீரில் இது அடிக்கடி வரும், வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் செலேட் வகை இரும்பு கொடுங்கள். அதே மாதிரி பழைய இலையில் வந்தால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை.

உரம் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் சரி. சுற்றிலும் ஒரே சீராகச் சற்றுத் தளர்ந்திருந்தால் தாகம். ஒரே ஒரு இடம் மட்டும் குழைந்து, தோல் பழுப்பாகி, லேசாக நாற்றம் வந்தால் அழுகல். அந்தச் செடிக்கு உரம் விஷம். தொட்டியிலிருந்து எடுத்து, அழுகியதைச் சுத்தமான கத்தியால் நல்ல வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, நிழலில் ஒரு வாரம் உலர்த்திய பிறகுதான் நட வேண்டும்.

அக்டோபரில் ஐப்பசி மழை பிடித்ததும் உரத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள். ஓட்டுத் தாழ்வாரத்தின் நீர் விழும் வரிசையில் தொட்டி நிற்கக் கூடாது, முகப்புத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்தால் பதற வேண்டாம், செடி ஓய்வெடுக்கிறது. அப்போது ஊட்டம் கொடுத்து எழுப்பப் பார்ப்பதுதான் நிறையச் செடிகள் அழுகக் காரணம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, வடிந்த நீரை அரைமணிக்குள் கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லிலும் உப்புக் கறை விழாது. அரளி இனத்துச் செடி இது, பாலில் நஞ்சு உண்டு. கவாத்து செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெட்டிய கொம்பு ஆட்டுக்கோ குழந்தைக்கோ எட்டக் கூடாது. கரைத்த உரம் மீந்தால் எடுத்து வைக்காமல் செம்பருத்திக்கு ஊற்றிவிடுங்கள்.